புது வீட்டின் விரிசலை மறைக்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின், ஜனங்கள் கலைந்ததும் ஒரு சகோதரர் என்னருகில் வந்து உட்கார்ந்தார். வளைகுடாவில் பதினான்கு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு கட்டியவர். குடிபுகுந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதற்குள் முன்கூடத்துச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருக்கிறது. மகளின் நிக்காஹ் நெருங்கிவிட்டதால் வீட்டை விற்றுவிடத் தீர்மானித்திருக்கிறார். வாங்குவதற்கும் ஒருவர் வந்துவிட்டார். விரிசலில் சிமெண்டை அடைத்து, பட்டி பார்த்து, வர்ணம் அடித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்பது தரகர் சொன்ன யோசனை.

"ஹஜ்ரத், அடுத்தவர் குறையை மறைப்பவருடைய குறையை அல்லாஹ் மறைப்பான் என்று நீங்கள் பயானில் சொன்னீர்கள். அப்படியானால் என் வீட்டின் குறையை நான் மறைப்பது மட்டும் எப்படிக் குற்றமாகும்?" என்று கேட்டார்.

அவர் விதண்டாவாதத்துக்காகக் கேட்கவில்லை. திருமணச் செலவுக் கணக்கு எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. இதே கேள்வி நம் குடும்பங்கள் பலவற்றில் வாய் திறவாமல் இருக்கிறது என்பதால், அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வீட்டில் விரிசல் கண்டதும் நம்மவர்களின் வாயில் முதலில் வருவது, "கண் பட்டுவிட்டது" என்ற சொல்தான். உடனே தண்ணீர் ஓதித் தெளிக்கவும் தாயத்து மாட்டவும் ஆள் தேடுகிறோம். கண்ணேறு உண்மையே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அதைவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவதும் நம் கடமை. ஆனால் நம் கையும் கொத்தனார் கையும் செய்த பிழையைப் பிறர் கண்ணின் மீது சுமத்துவது நியாயமாகாது. அது ஒரு குற்றமுமறியாத அண்டை வீட்டார் மீது கெட்ட எண்ணம் கொள்வதில் போய் முடியும்.

விரிசல்கள் எல்லாம் ஒரே வகையல்ல. பூச்சின் மேல் மயிரிழைபோல் வலைபின்னி நிற்பவை, பூச்சு காயும்போது சுருங்குவதால் வருபவை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக வருபவை, இரண்டு பொருள்களும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருபவை. இவற்றைச் சரிசெய்துகொள்ளலாம், பெரும்பாலும் அபாயமில்லை. ஆனால் ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக ஓடுவதும், செங்கல் வரிசையில் படிபடியாக ஏறுவதும், நாளுக்கு நாள் அகலமாவதும் அஸ்திவாரம் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். காவிரிப் படுகையின் களிமண்ணும், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணும் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குபவை. அங்கே அஸ்திவாரத்தில் செய்த சிக்கனம் சுவரில் தெரியும். கடற்கரை ஊர்களில் உப்பு மணலைக் கலவையில் சேர்த்தால், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

சிமெண்டுக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள்கள், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாள்கள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும் என்பது கட்டடக் கலையின் விதி. நாமோ மகனுக்கு விடுமுறை முடிவதற்குள் குடிபோக வேண்டும், ரமளானுக்கு முன் முடிக்க வேண்டும் என்று கொத்தனாரை விரட்டுகிறோம். வாசல் நிலையின் வேலைப்பாட்டுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கம்பியிலும் கடைக்காலிலும் மிச்சம் பிடிக்கச் சொல்கிறோம். ஆகவே கொத்தனாரைக் கேட்பதற்கு முன் நம் நெஞ்சையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி, அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம்.

மனிதனின் குறையை மறைக்கும்படி மார்க்கம் ஏன் சொல்கிறது? பாவத்தில் சறுக்கியவன் தௌபாச் செய்து திருந்தக்கூடும். அவனை அம்பலப்படுத்தினால் அவன் மானம் போகும், திருந்தும் வழியும் அடைபடும். பிறருக்கு ஒரு நன்மையுமில்லை. மறைப்பதால் எவருடைய உரிமையும் பறிபோவதுமில்லை. ஆனால் சுவர் தௌபாச் செய்யாது. அதன் குறையை மறைத்தால், நாளை அதன் கீழே பிள்ளைகளோடு படுத்துறங்கப் போகிறவரின் பணமும் உயிரும் பணயமாகின்றன. இது ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை. உரியவர் மன்னிக்காதவரை அந்தக் கணக்கு தீராது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலினுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நாமெல்லாம் அறிவோம். மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானியம் நனைந்தது வியாபாரியின் குற்றமல்ல. அதற்காக அவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவுமில்லை. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றமாயிற்று. வீட்டில் விரிசல் விழுவது பாவமல்ல. அதன் மேல் வர்ணம் பூசி விற்பதே பாவம்.

விற்றவர் மறைத்த குறை பின்னால் தெரியவந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. ஃபிக்ஹில் இதற்குக் கியாருல் ஐப் என்று பெயர். விற்பவர் தாம் அறிந்த, சாதாரணப் பார்வைக்குப் புலப்படாத முக்கியக் குறையை வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் கூறுகிறது. கட்டி விற்கும் நிறுவனத்தார், ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைச் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் விதித்திருக்கிறது. உலகச் சட்டமே இவ்வளவு கேட்கும்போது, மறுமையை நம்புகிற நாம் இதைவிடக் குறைவாக நடக்கலாமா?

விற்காமல் வைத்துக்கொண்டாலும் பொறுப்பு நீங்காது. பாதையின் பக்கம் சாய்ந்துவிட்ட சுவரைப் பற்றி ஹிதாயாவில் தனிப் பகுதியே உண்டு. அதை இடித்துவிடும்படி எச்சரிக்கப்பட்ட பிறகும், அவகாசமிருந்தும் சொந்தக்காரர் வாளாவிருந்து, அது விழுந்து சேதம் விளைந்தால் ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்பது ஹனஃபி சட்டம்.

"அப்படியானால் கொத்தனாரைப் பற்றிப் பேசுவது கீபத்தாகுமா?" என்றும் அவர் கேட்டார். தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவரைத் தூற்றினால் கீபத்துத்தான். ஆனால் நியாயம் செய்யக்கூடியவரிடம் முறையிடுவதும், வேலை கொடுக்கப் போகிறவர் ஆலோசனை கேட்டால் எச்சரிப்பதும் ஆகுமானவை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். கோபத்தில் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்க்கக் கூடாது.

"ஊசி முனையளவு விரிசலுக்கும் விலையைக் குறைத்துவிடுவார்களே, ஹஜ்ரத்?" என்றார் கடைசியாக.

குறைப்பார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்மை சொன்னவருக்கு மறுநாளே இரட்டிப்பாய்ப் பணம் வந்து சேரும் என்று ஆசை காட்டவும் எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் தொகை, சுவர் பிளந்த அன்றே உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. மறைத்து விற்றால் நஷ்டம் அழிந்துபோகாது, இன்னொருவர் தலைக்கு மாறும், அவ்வளவுதான். மகளின் நிக்காஹுக்கு அந்தப் பணம் வேண்டுமென்றால், விருந்தைச் சுருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலி கேட்டிருந்தால், அதைத் திருப்பிக் கேட்கச் சமுதாயப் பெரியவர்களை அழைத்துச் செல்லுங்கள், நானும் வருகிறேன் என்றேன்.

பிறகு செய்ய வேண்டியதையும் சொன்னேன். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அது வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரியும். தேர்ந்த பொறியாளர் ஒருவரை அழைத்து, பூச்சைத் தட்டிவிட்டுக் காட்டுங்கள். அவர் சொல்வதை வாங்குபவரிடம் அப்படியே சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள்.

ஸூரத்துல் கஹ்ஃபில் அல்லாஹ் ஒரு சுவரைப் பற்றிக் கூறுகிறான். விழவிருந்த அந்தச் சுவரை ஹிள்ர் (அலை) அவர்கள் நிமிர்த்தி வைத்தார்கள். உணவு கொடுக்க மறுத்த ஊர் அது; கூலியும் வாங்கவில்லை. அதன் கீழே இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. நம் சுவரின் கீழும் நாளை யாருடைய பிள்ளைகளோ உறங்குவார்கள். அவர்களை நாம் அறியமாட்டோம், அல்லாஹ் அறிவான்.

சகோதரர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின் எழுந்து, வாங்குபவரையும் பொறியாளரையும் ஒரே நாளில் வரச் சொல்வதாகக் கூறிச் சென்றார்.

வல்ல ரஹ்மான் நம் வீடுகளையும் வியாபாரங்களையும் மோசடியைவிட்டுப் பாதுகாத்து, ஹலாலான பொருளில் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.