சிவப்பு மைக்கு முன்னால்

ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க மொழியியலாளர், பாஸ்டன் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டினார். படத்தில் குண்டாக, குருவி மாதிரி ஒன்று. வரைந்ததும் அவரே. 'இது ஒரு வக்' என்பார். அடுத்து, அதே உருவம் இரண்டு. 'இப்போது இரண்டு இருக்கின்றன. இவை இரண்டு...' என்று சொல்லி நிறுத்துவார். நாலு வயதிலிருந்து ஏழு வயதுவரை இருந்த அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தயங்காமல் 'வக்ஸ்' என்று முடித்தார்கள்.

'வக்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. பெர்கோ இதற்காகவே உண்டாக்கியது. அதன் பன்மையை எந்தப் பிள்ளையும் யார் வாயிலிருந்தும் கேட்டிருக்க முடியாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லித்தான் குழந்தைகள் மொழி கற்கின்றன என்ற நம்பிக்கை 1958-இல் வெளியான அந்த ஆய்வுக்கு முன்னால் நிற்கவில்லை.

அந்தக் கடைசி 'ஸ்' ஒலியைச் சற்று உற்றுக் கேட்க வேண்டும். தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு 'கேட்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் வருவது வெறும் காற்று. 'டாக்ஸ்' என்று ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் சொல்லும்போது அதே இடத்தில் தொண்டை அதிரும். 'கிளாஸ்' போன்ற சொல்லுக்கு இரண்டும் போதாது. நடுவில் ஓர் உயிரொலி சேர்ந்து 'கிளாஸஸ்' ஆகும். எதற்குப் பின் எது வரும் என்று எந்தத் தாயும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அப்படி மூன்று வகை இருப்பதே பல தாய்மாருக்குத் தெரியாது. 'வக்' என்பதோடு அதிரும் ஒலியைத்தான் சேர்க்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு விடை. 'கிளாஸ்' என்பதற்குப் பன்மை கேட்டபோது நூற்றுக்கு 91 பேர் சரியாகச் சொன்னார்கள். அதே ஓசையில் முடியும் 'டேஸ்' என்ற இட்டுக்கட்டிய சொல்லைக் கேட்டபோது சரியாகச் சொன்னவர்கள் 36 பேர்தான். அப்படியானால் பலருக்கு 'கிளாஸஸ்' என்பது கேட்டுக் கேட்டு முழுசாக மனதில் ஏறிய சொல். அதற்குப் பின்னால் இருக்கும் விதி இன்னும் கைக்கு வரவில்லை. சரியான விடை ஒன்றுதான். அது வந்த வழி இரண்டு.

சொற்களை வகைப்படுத்துவதிலும் இதே கதைதான். 1957-இல் ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளிடம் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பாத்திரம், அதில் ஏதோ பொடிப்பொடியான பொருள், அதைப் பிசையும் இரண்டு கைகள். 'சிப்' என்பதும் இட்டுக்கட்டிய சொல்தான். 'ஒரு சிப்' எங்கே என்று கேட்டால் குழந்தைகள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். 'கொஞ்சம் சிப்' என்றால் அந்தப் பொருளை. 'சிப்பிங்' என்றால் பிசையும் செயலை. பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற பெயர்கள் அவர்களுக்குத் தெரியாது. சொல் எந்தக் கூட்டத்தில் எந்த வாலோடு வருகிறது என்பதை வைத்தே அதன் இனத்தைப் பிரித்துவிட்டார்கள். நாம் ஆறாம் வகுப்பில் இலக்கணம் என்று தொடங்குவது, குழந்தை ஏற்கனவே செய்து முடித்த வேலைக்குப் பெயர் சூட்டுவதுதான்.

ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் குழந்தை 'கோ' என்பதன் இறந்தகாலத்தை முதலில் 'வென்ட்' என்றுதான் சரியாகச் சொல்லும். சில மாதம் கழித்து 'கோ'வோடு 'எட்' சேர்த்து 'கோ-எட்' என்று சொல்லத் தொடங்கும். பெற்றோருக்குக் குழந்தை பின்னால் போவதுபோலத் தோன்றும். உண்மையில் முன்பு கிளிப்பிள்ளையாய்ச் சொன்னதை விட்டுவிட்டு, இப்போது இறந்தகாலம் எப்படி உண்டாகிறது என்று அது கண்டுபிடித்திருக்கிறது.

ஆங்கிலமே இப்படித்தான் மாறி வந்திருக்கிறது. 'ஹெல்ப்' என்பதன் இறந்தகாலம் ஒரு காலத்தில் 'ஹோல்ப்'. 1611-இல் வந்த ஆங்கில விவிலியத்தில்கூட அதன் பழைய வடிவம் இருக்கிறது. பிறகு 'எட்' சேர்ந்து 'ஹெல்ப்ட்' ஆனது. இன்று தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும் அந்த வடிவம், தொடக்கத்தில் ஏதோ ஒரு வாய் செய்த 'பிழை'. 2007-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பழைய ஆங்கிலத்தில் விதிமீறிய 177 வினைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இன்றும் விதி மீறுபவை 98. அன்றாடம் வாயில் புரளும் 'கோ', 'சே', 'ஹேவ்' போன்றவை அசையவில்லை. அரிதாக வருபவைதான் முதலில் விதிக்குள் வந்தன. ஓயாமல் காதில் விழும் சொல்லை மட்டுமே விதியை மீறி நினைவில் வைத்திருக்க முடிகிறது.

நம் வகுப்பறையை இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பாஸ்டன் குழந்தையின் காதில் 'வென்ட்' பல்லாயிரம் முறை விழுகிறது. நம் பிள்ளைக்குக் கிடைப்பது 'கோ, வென்ட், கான்' என்ற மூன்று கட்டப் பட்டியலும் ராகம் போட்டு ஒப்பிக்கும் சில மாலைகளும்தான். அந்தப் பிள்ளை 'கேட்ச்' என்பதோடு 'எட்' சேர்த்து எழுதினால் சிவப்பு மை பாய்கிறது. பக்கத்து பெஞ்சில் 'காட்' என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண். இறந்தகாலம் உண்டாகும் விதம் முதல் பிள்ளைக்குத் தெரியும் என்பதற்கு அவன் விடைத்தாளே சாட்சி. இரண்டாவது பிள்ளைக்கு அது தெரியுமா, பட்டியல் மட்டும்தான் நினைவிருக்கிறதா என்று அவன் தாளைப் பார்த்துச் சொல்லவே முடியாது. நாம் மதிப்பெண் போடும் முறை, புரிந்துகொண்டவனைத் தண்டித்துவிட்டு, புரிந்ததா என்றே தெரியாதவனைப் பாராட்டுகிறது.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், 'எட்' சேர்க்கத் தெரிந்திருக்கிறதே, நல்லது என்று அந்தப் பிள்ளையின் காது கேட்கச் சொல்லுங்கள். இந்தச் சொல் மட்டும் பழைய வழக்கப்படி 'காட்' என்று வரும் என்று பிறகு சொல்லுங்கள். அந்த வாரம் முழுவதும் அந்தச் சொல் வரும்படியாக வகுப்பில் பேசிக்கொண்டே இருங்கள்.