பொறுத்தலும் புறக்கணித்தலும்

செம்பரம்பாக்கம் வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் கார் மோதி, வெளிக்காயமின்றி எழுந்து நிற்கும் ஒருவர், "வலி சிறிதுதான், பொறுத்துக்கொள்வேன்" என்று வீடு திரும்பினால், அது பரீஷகங்களை வெல்லும் பொறுமையாகுமா?

ஆகாது என்பதே என் கருத்து. வலியை அறிந்து தாங்குவது பொறுமை. தலையினுள்ளோ வயிற்றினுள்ளோ கசியும் குருதியோ, தொடக்கத்தில் பெரிதாகத் தோன்றாமல், சில மணி நேரம் கழித்து உயிருக்கே உலை வைக்கலாம். அறியாத ஒன்றைத் தாங்குவது எங்ஙனம்? சல்லேகனையையும் ஆசாரியர் சமந்தபத்திரர், நீக்க வழியில்லாத நோய், மூப்பு, பஞ்சம் போன்ற இடையூறுகளுக்கே விதித்தார். வழியிருந்தும் வாளாவிருத்தல் பிரமாதம்; இம்சைக்கு வேர் பிரமாதமே என்று தத்துவார்த்த சூத்திரம் உணர்த்துகிறது.

செலவுக்கு அஞ்சியும் தயங்க வேண்டா. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்துக்குப்பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், வரையறுத்த தொகைவரை கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆம்புலன்சுக்கு 108-ஐ அழைக்கலாம்.

ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் நாம், நம் உடம்புக்கு அதனை மறுக்கலாமோ? உடம்பு நிலையாததே, ஆயினும் நோன்பு நோற்பது அதனைக் கொண்டன்றோ! ஆதலின், சிராவகர் முதலில் மருத்துவரிடம் செல்க. அவர் சொன்னபின் எஞ்சும் வலியைப் பொறுத்தருள்க.