புகை எப்போது பூசையாகிறது?

கஞ்சாப் புகை வழிபாடாக முடியுமா என்ற கேள்விக்குச் செடியிடம் விடை இல்லை. மகா சிவராத்திரிக்குக் காத்மாண்டு பசுபதிநாதர் கோயிலில் வந்து கூடும் சாமியார்களும், ஜமைக்காவின் மலைச்சரிவில் முரசு கொட்டிக் கூடும் ரஸ்தஃபாரிகளும், ஊருக்கு வெளியே பாலத்தடியில் ஒதுங்கும் இளைஞர்களும் பற்ற வைப்பது ஒரே பூவைத்தான். மூளையில் அது செய்யும் வேலையும் ஒன்றுதான். எதில் அடைக்கிறார்கள், யார் பற்ற வைக்கிறார், முதல் இழுப்புக்கு முன் வாய் என்ன சொல்கிறது, இழுத்தபின் அது யார் கைக்குப் போகிறது என்பவைதான் இடத்துக்கு இடம் மாறுகின்றன. சமயத்தின் பெயரால் கஞ்சாவை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் செடியைப் பற்றியே அதிகம் பேசினார்கள். கேள்வியின் பெரும்பகுதி அடங்கியிருப்பதோ புகைக்கும் முறைக்குள்.

இந்திய வழக்கில் இச்செடி மூன்று பொருள்களாகப் பிரிகிறது. இலையை அரைத்துப் பாலில் கலந்து குடிப்பது பாங். பெண் செடியின் பூங்கொத்து கஞ்சா. செடியை உள்ளங்கையில் தேய்த்துத் திரட்டும் பிசின் சரஸ். பாங் வயிற்றின் வழியே போவதால் ஏறுவதற்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும், இறங்கவும் வெகுநேரமாகும். புகை சில நிமிடங்களில் தலைக்குப் போய்விடும். சடங்கின் அமைப்பே இதனால் மாறுகிறது. பாங் பெரும்பாலும் திருவிழாவுக்கு உரியது: சிவராத்திரி, ஹோலி என்று ஆண்டில் சில நாள், சுற்றத்தாரோடு, ஒரு குவளை. புகையை எந்த நாளிலும் எந்த நேரத்திலும் இழுக்கலாம் என்பதால் அதற்கு அளவு வைப்பது சடங்கின் பொறுப்பாகிறது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையும், இந்தியா 1985இல் இயற்றிய சட்டமும் பூவையும் பிசினையும் தடுத்து, பூ கலவாத இலையை விட்டுவிட்டன. அதனால்தான் வாராணசியில் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங் விற்கப்படுகிறது. அதே ஊர்ப் படித்துறையில் சாமியார் இழுக்கும் கஞ்சா குற்றமாக இருக்கிறது.

வாயால் இழுப்பது இந்த வரலாற்றில் பிந்தி வந்த பழக்கம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், புல்வெளி நாடோடிகளான சிதியர்கள் இறந்தவரை அடக்கம் செய்தபின் கம்பளிக் கூடாரத்துக்குள் புகுந்து, பழுக்கக் காய்ச்சிய கற்களின் மேல் சணல் விதையைத் தூவி, எழும் புகையில் கூவி மகிழ்ந்ததாக எழுதினார். வெகுகாலம் கட்டுக்கதையாகக் கருதப்பட்ட இந்தச் செய்திக்கு ஒப்பான சான்று பாமீர் மலையின் ஜிர்சன்கால் இடுகாட்டில் கிடைத்தது. அங்கே ஏறத்தாழ 2,500 ஆண்டுப் பழைமையான மரத் தணல்சட்டிகளிலும் அவற்றில் கிடந்த கற்களிலும் போதை மிகுந்த கஞ்சாவின் எச்சம் இருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டு இஸ்ரேலின் தெல் அராத் கோயில் பற்றிய ஆய்வு வந்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த யூதேயக் கோயிலின் கருவறை வாயிலில் இரண்டு பீடங்கள் இருந்தன. பெரியதில் குந்திரிக்கமும் சிறியதில் சாணத்தோடு சேர்த்துக் கஞ்சாவும் எரிக்கப்பட்டிருந்தன.

இந்த மூன்று இடங்களிலும் புகை ஒருவருடைய பங்காக இல்லை. அது கூடாரத்தை, கல்லறையை, கருவறையை நிறைக்கிறது. கருவறைப் புகை தெய்வத்துக்கும் இடுகாட்டுப் புகை இறந்தவருக்கும் உரியது. கூடியிருப்பவர்கள் சுவாசிப்பது அதில் எஞ்சியதை. நம் கோயில்களில் சாம்பிராணி போடுவதும் இதே முறைதான். புகை காணிக்கையாக இருப்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் கிடையாது.

குழலில் அடைத்து இழுப்பது இந்தியாவில் பரவியது, போர்ச்சுகீசியர் வழியாகப் புகையிலை வந்தபின், 17ஆம் நூற்றாண்டிலிருந்துதான். ஆதிகாலம் தொட்டு வருவதாகச் சொல்லப்படும் சிலும்பிக்கு வயது நானூறு ஆண்டுதான் இருக்கும். ஆனாலும் சைவத் துறவிகள் அந்தக் குறுகிய காலத்துக்குள் அதைச் சுற்றி ஒரு முழுச் சடங்கைக் கட்டிவிட்டார்கள்.

சிலும்பி என்பது புனல் போன்ற நேரான களிமண் குழல். அதன் உள்ளே சிறு கல் ஒன்று கிடக்கும். தணல் கீழே இறங்காமல் தடுத்து, காற்றுக்கு மட்டும் வழிவிடுவது அதன் வேலை. கஞ்சாவையும் கொஞ்சம் புகையிலையையும் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் கசக்கி மேல்வாயில் அடைப்பார்கள். கீழ்முனையில் சாஃபி எனப்படும் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டு கைகளையும் குவித்து அதைப் பிடித்து, கைக்கூட்டின் இடைவெளியில் வாய் வைத்து இழுக்க வேண்டும். உதடு குழலில் படாது. ஆகவே எத்தனை பேர் இழுத்தாலும் எச்சில் தீட்டு இல்லை. இரு கையும் பிடித்திருப்பதால் இழுப்பவர் தானே பற்ற வைத்துக்கொள்ளவும் முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் தீ வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குமுன் சிலும்பியை நெற்றிக்கு உயர்த்தி, 'பம் பம் போலே' என்றோ 'அலக்' என்றோ உரத்துச் சொல்லிச் சிவனுக்குக் காட்டுவார்கள். முதல் இழுப்பு அவனுடையது. பிறகு சிலும்பி வட்டத்தில் சுற்றி வரும். நடுவே எரிவது துனி என்னும் வேள்வித்தீ; துறவி அதைத் தெய்வமாகவே பேணுகிறார், அதன் சாம்பல்தான் அவர் உடம்பெங்கும் பூசும் நீறு.

இந்தச் சடங்கில் ஒருவர் தனித்துச் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. கருவியின் அமைப்பே இன்னொருவரைக் கேட்கிறது. அடுத்தவர் வரும்வரை காத்திருக்க வைக்கிறது. இழுத்ததும் கையை விட்டுப் போய்விடுகிறது. இதற்குப் பின்னால் சைவக் கருத்தும் ஒன்று உண்டு. ஆலகால விடத்தைக் கண்டத்தில் நிறுத்தியவனுக்கு, ஊமத்தையும் எருக்கும்போல உலகம் ஒதுக்கியதைப் படைப்பது முறை. துறவியும் உலகத்தால் ஒதுக்கப்பட்டவர், உலகை ஒதுக்கியவர். தாம் இழுக்கவில்லை, சிவனுக்குப் படைத்து அவன் பிரசாதத்தை ஏற்கிறோம் என்பது அவர்கள் வாதம். பிரிட்டிஷ் இந்திய அரசு 1893இல் அமைத்த சணல் போதைப்பொருள் ஆணையம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894இல் முழுத்தடை தேவையில்லை என்று முடிவு செய்தது. மக்களின் சமய உணர்வு புண்படும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. துறவிகள் உலகத்துக்குள்ளேயே இதற்கு எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. 2019 பிரயாக்ராஜ் கும்பமேளாவில் யோகாசிரியர் ராம்தேவ், ராமனும் கிருஷ்ணனும் புகைக்கவில்லையே என்று கேட்டு, சாமியார்களிடமிருந்து சிலும்பிகளை வாங்கிச் சேர்த்தார்.

சிலும்பிக்கு மிக நெருங்கிய உறவு ஜமைக்காவில் இருக்கிறது. 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியக் கூலித் தொழிலாளர்கள் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர். தொடக்க ஆண்டுகளில் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. கஞ்சாவும் அதன் பெயரும் புகைக்கும் குழலும் அவர்களிடமிருந்து கறுப்பின ஏழைகளுக்குப் பரவின. 1930இல் எத்தியோப்பியப் பேரரசராக ஹைலே செலாசி முடிசூடியபின் எழுந்த ரஸ்தஃபாரி இயக்கம் அதைப் புனிதச் செடியாக ஏற்றது. இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான லியோனார்ட் ஹோவெல் இந்தியச் சாயலுள்ள பட்டப்பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டவர். 1940இல் அவர் அமைத்த பின்னக்கிள் குடியிருப்பில் கஞ்சா பயிரானது. காவல்துறை திரும்பத் திரும்ப அதைச் சோதனையிட்டு 1954இல் அழித்தது.

ரஸ்தஃபாரிகளின் பெரிய கருவி சாலிஸ். தேங்காய்ச் சிரட்டையிலோ சுரைக்குடுக்கையிலோ தண்ணீர் நிரப்பி, மேலே மண் கிண்ணம் பொருத்தி, குழல் வழியாக இழுக்கும் ஹூக்கா வகை அது. கிறிஸ்தவத் திருவிருந்தில் பயன்படும் கிண்ணத்தின் பெயரை அதற்கு இட்டிருப்பது தற்செயல் அல்ல. பற்ற வைக்குமுன் தலைமறைப்பை எடுத்துவிட்டு ஜா என்னும் இறைவனை வேண்டுவார்கள். சாலிஸ் சுற்றிவரச் சுற்றிவர, வேதாகமத்தையும் அடிமை வரலாற்றையும் அன்றாட அநியாயங்களையும் பற்றிய உரையாடல் மணிக்கணக்கில் நீளும். புகை அந்த உரையாடலுக்குத் துணை மட்டுமே. ஆதியாகமத்தின் முதல் அதிகாரமும் 104ஆம் சங்கீதமும் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரமும் செடி கொடிகளைப் பற்றிச் சொல்பவை அவர்களுக்கு ஆதாரம். இதே மக்கள் தாளில் கூம்பாகச் சுருட்டிய ஸ்ப்ளிஃபையும் நாள் முழுக்கப் புகைப்பதுண்டு. ஆனால் சபைக்குரியது சாலிஸ்தான். புகையிலை கலப்பதைப் பலர் ஏற்பதில்லை. சிலும்பியிலிருந்து இது விலகும் இடம் அது.

புகைதான் புனிதம் என்ற எண்ணத்தை நிகாங் சீக்கியர்கள் மறுபக்கமாகத் திருப்பிவிடுகிறார்கள். புகையிலை சீக்கியருக்குப் பெருங்குற்றம். நிகாங் படையினர் அரைத்த பாங்கைப் பாத்திரத்தில் கரைத்து, ஓதி, பந்தியில் பருகுவார்கள், புகைக்க மாட்டார்கள். சீக்கிய நன்னடத்தை விதிகள் பாங் உட்பட எல்லாப் போதையையும் விலக்குகின்றன. நிகாங்குகளோ இது போர்க்களத்து மரபு என்று விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

இவற்றின் பக்கத்தில் தாளில் சுருட்டிய கஞ்சாவை வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சிகரெட்டின் தூளை உதிர்த்துவிட்டு அந்தக் கூட்டுக்குள் கஞ்சாவை அடைப்பது வழக்கமான முறை. அது சட்டைப்பையில் அடங்கும். ஒரு கையால் பிடிக்கலாம். தானே பற்ற வைக்கலாம். பாதியில் அணைத்து மறுபடி இழுக்கலாம். நண்பர்கள் கைமாற்றிக்கொள்வதில் தோழமை உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தத் தோழமையை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. யாருக்கும் எதையும் படைக்காமல், யாருக்காகவும் காத்திராமல், ஒருவர் ஒரு நாளில் எத்தனை வேண்டுமானாலும் முடிக்கலாம். சிலும்பியும் சாலிஸும் வைத்திருந்த தடைகள் எல்லாம் இங்கே நீங்கிவிடுகின்றன. தன் புகை தியானம் என்று இப்படிப் புகைப்பவர் சொல்லும்போது, அந்தச் சொல்லைத் தாங்குவதற்கு அவர் மனநிலையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அப்படியானால் முறை ஒழுங்காக இருந்தால் போதுமா? இந்த இடத்தில் தத்துவ மரபுகள் கடுமையாகின்றன. பதஞ்சலியின் யோகசூத்திரம் நான்காம் பாதத்தைத் தொடங்கும்போதே, சித்திகள் பிறப்பாலும் மூலிகையாலும் மந்திரத்தாலும் தவத்தாலும் சமாதியாலும் வரும் என்று ஐந்தையும் அடுக்குகிறது. மூலிகைக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் பதஞ்சலிக்குச் சித்தி விடுதலை அல்ல. சமாதிக்கு அதுவே இடையூறு என்று மூன்றாம் பாதத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார். திருமூலர் இன்னும் நேராகப் பேசுகிறார். திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமை என்றே ஒரு பகுதி உண்டு. சடங்கின் பெயரால் மது அருந்தும் வாம மார்க்கத்தாரை அது இடித்துரைக்கிறது. சிவானந்தத்தைக் கண்டவருக்கு வெளிக்கள் வேண்டாம் என்பது அதன் வாதம். கஞ்சா அங்கே பேசப்படவில்லை, ஆனாலும் வாதம் அப்படியே பொருந்தும். பொருளால் வந்த ஆனந்தம் பொருளோடு போகும். படைத்துவிட்டு உண்டாலும் அந்த இயல்பு மாறாது.

இஸ்லாமிய அறிஞர்களும் இதே முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. குர்ஆன் பெயர் சொல்லித் தடுப்பது மதுவை. கஞ்சாவை அது குறிப்பிடவில்லை. கலந்தர் எனப்படும் நாடோடிப் பக்கிரிகள் சிலர் அந்த இடைவெளியைப் பயன்படுத்தினார்கள். இப்னு தைமியா போன்றவர்கள், அறிவை மயக்குவது எதுவும் மதுவே என்று ஒப்புமையால் தீர்ப்பளித்தார்கள்.

மேற்கில் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954இல், வேதிப்பொருள் வழியாக வரும் காட்சியும் மறைஞானியின் காட்சியும் ஒன்றாக இருக்கலாம் என்று எழுதினார். சமய ஆய்வாளர் ஆர். சி. ஸேனர் 1957இல் அதை முழுமூச்சாக மறுத்தார். இவர்களுக்குப் பின் இன்னொரு சமய ஆய்வாளரான ஹஸ்டன் ஸ்மித் 1964இல் எழுதிய கட்டுரை எடுத்துவைத்த வேறுபாடுதான் இன்றும் பயன்படுவது: போதைப்பொருள் சமய அனுபவத்தைத் தரக்கூடும், சமய வாழ்க்கையைத் தருமா என்பது ஐயம். சிலும்பியைத் துனியிலிருந்தும், சாலிஸை உரையாடலிலிருந்தும் பிரித்தால் மிஞ்சுவது ஸ்மித் சொன்ன அனுபவம் மட்டுமே. தீயும் நீறும் விரதமும் குருவும் சபையும்தான் வாழ்க்கை. புகை அவற்றுக்குள் வரும்போது வழிபாட்டின் பகுதி என்று சொல்லலாம்; அவை அனைத்தையும் புகை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. புகையே தொடாமல் அதே துனியின் முன் வாழ்ந்து முடித்த துறவிகள் உண்டு.

நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைத் தென்னாப்பிரிக்காவில் மிகத் தெளிவாகச் சந்தித்தன. காரெத் பிரின்ஸ் என்ற ரஸ்தஃபாரி சட்டம் படித்தவர். கஞ்சா வைத்திருந்ததற்காக முன்பு தண்டிக்கப்பட்டவர் என்பதாலும், இனியும் புகைப்பேன் என்று சொன்னதாலும் வழக்கறிஞர் ஆவதற்கான பயிற்சிப் பதிவு அவருக்கு மறுக்கப்பட்டது. 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் கோரிக்கையைத் தள்ளியது. சமயத்துக்காகப் புகைப்பவரையும் இன்பத்துக்காகப் புகைப்பவரையும் காவலர் எப்படிப் பிரித்தறிவார் என்று பெரும்பான்மையினர் கேட்டார்கள். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி இங்கோபோவோ முறையைப் பிரித்துப் பார்த்தார்: கஞ்சாவைத் தூபமாக எரிப்பதால் யாருக்கு என்ன தீங்கு, அதையும் சேர்த்துத் தடுப்பது எப்படி நியாயம்? தெல் அராத் பீடத்தின் முறையைத்தான் அவர் வாதம் நினைவுக்குக் கொண்டுவருகிறது. அதே பிரின்ஸ் 2018 செப்டம்பரில் வென்றார். பெரியவர்கள் தனிமையில் புகைப்பது அந்தரங்க உரிமை என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் வென்றது சமயம் அல்ல. தனியே சுருட்டிப் புகைப்பவருக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்துகிறது. வட்டமாக அமர்ந்து சாலிஸைச் சுற்றவிடும் சபைக்குத்தான் பொருந்துவது கடினம்.

ஜமைக்கா 2015இல் செய்த சட்டத் திருத்தம் வேறு வழியில் போனது. இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருப்பதைச் சிறு அபராதத்தோடு விட்டதுடன், ரஸ்தஃபாரிகளின் சமயப் பயன்பாட்டைப் பெயர் சொல்லியே ஏற்று, அதற்கென வழிபாட்டு இடங்களைப் பதிவு செய்யவும் வழி வைத்தது. எந்தச் செடி என்பதோடு எங்கே, யாரோடு, எதற்காக என்றும் கேட்ட சட்டம் அது. சமயக் கேள்வியாக இதை எடுத்துக்கொண்டால், இதுவரை வந்த சட்டங்களில் சரியான இடத்தில் கை வைத்தது அதுதான். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாமியாரின் சிலும்பிக்கு எந்த விலக்கும் இல்லை.