கடைவீதிக்கு வழி

அபயம் தேடி வந்தவருக்கு வயிறார உணவளித்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

தென் அமெரிக்க நாடான வெனிசுவேலாவில் பொருளாதாரம் சீர்குலைந்து, உணவும் மருந்தும் அரிதாகின. 70 லட்சத்திற்கும் அதிகமானோர் நாட்டைத் துறந்தனர். அவர்களில் பெருந்தொகையினர் அடைந்த இடம் அண்டை நாடான கொலம்பியா. 2021இல் அங்கிருந்த சுமார் 17 லட்சம் வெனிசுவேலா மக்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் முறையான பத்திரம் இல்லை. அவ்வாண்டு அதிபர் இவான் டூக்கே, அவர்கள் 10 ஆண்டுகள் தங்கவும் தொழில் செய்யவும் அனுமதி தரும் திட்டத்தை அறிவித்தார்.

“சொந்த ஏழைகளின் பிழைப்பு என்னாவது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பத்திரமில்லாதவர் கொடுத்த கூலியை வாங்கிக்கொள்வார். ஏமாற்றப்பட்டாலும் முறையிட அஞ்சுவார். அவரது அச்சமே உள்ளூர்த் தொழிலாளியின் கூலியையும் கீழே இழுக்கும். ஆகவே, அவருக்குத் தரும் அனுமதி இருவருக்கும் பாதுகாப்பாகிறது.

ஹிஜ்ரத்தின்போது மதீனாவில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். அன்ஸாரித் தோழர் ஸஅது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். முஹாஜிரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். கொடுக்க முன்வந்தது ஒருவரின் பெருந்தன்மை. உழைத்துண்ண விரும்பியது மற்றவரின் கண்ணியம். தர்மம் இன்றைய பசியைத் தீர்க்கும். தொழில் செய்யும் உரிமையோ மனிதனை நிமிரச் செய்யும்.

கொலம்பியாவின் திட்டத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. பத்திரமின்றி வந்தவர்களில், 2021 ஜனவரி 31க்குள் அங்கிருந்ததை நிரூபித்தவர்களுக்கே அது பொருந்தியது. மறுநாள் வந்தவரின் பசி வேறு பசியா? அரசாங்கம் எங்கேனும் கோடு போட்டாக வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டோடு அடியானின் பொறுப்பு முடிந்துவிடாது. ஒருவர் வந்த தேதியை அரசாங்கம் விசாரிக்கும். அவருக்கு நாம் என்ன செய்தோம் என்பதை அல்லாஹ் விசாரிப்பான்.

கிறிஸ்தவ நாட்டிடம் நாம் பாடம் கற்பதா என்று தயங்க வேண்டாம். மக்காவின் கொடுமைக்குத் தப்பி வந்த முஸ்லிம்களுக்கு அபயமளித்த அபிஸீனியாவின் நஜ்ஜாஷியும் கிறிஸ்தவ மன்னராக இருந்தவரே.

நம் ஊர்ப் பள்ளிவாசலின் வாசலில் வந்து நிற்கும் அந்நியரிடம் சில்லறையை நீட்டுமுன், “என்ன தொழில் தெரியும்?” என்று கேட்போமாக! அதற்கான மனத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.