கையெழுத்தின் கடன்

தொழிலகப் பாதுகாப்பு இன்று முழுநேரப் படிப்பாகிவிட்டது. திருச்சி என்.ஐ.டி.யில் அதை முதுநிலைப் பொறியியலாகக் கற்பிக்கிறார்கள். சென்னை தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் பட்டயம் வழங்குகிறது. ஆயிரம் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் இருந்தாக வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2020-இல் வந்த சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 500 ஆகவும், அபாயகரமான செய்முறை நடக்கும் ஆலைகளுக்கு 250 ஆகவும் குறைத்தது. ஆக, இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. ஆனால் சேரும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. சம்பளம் தருபவர் ஒருவர், காக்கப்பட வேண்டியவர் வேறொருவர். இருவர் நலனும் மோதும் நாளில் பாதுகாப்பு அலுவலர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

ஆபத்தை அடியோடு நீக்கு. முடியாவிட்டால் அபாயம் குறைந்த பொருளுக்கு மாறு. அதற்கும் வழியில்லையென்றால் இயந்திரத்துக்குத் தடுப்புப் போடு. பிறகு வேலைமுறையைத் திருத்து. ஹெல்மெட்டும் கையுறையும் கடைசி. இந்த வரிசை அந்தப் படிப்பின் அரிச்சுவடி. ஆலைக்குள் பல நேரங்களில் இது தலைகீழாகிவிடுகிறது. இயந்திரத்தை மாற்றப் பணம் வேண்டும். ஹெல்மெட் போடாத ஒப்பந்தத் தொழிலாளியை அதட்ட எதுவும் வேண்டாம். விபத்து நடந்தபின் பழியும் அவர்மீதே விழுகிறது. கற்ற வரிசையை அறிந்தே தலைகீழாக்குபவர் தம் அறிவை விற்றுவிடுகிறார்.

அறிவு இல்லாததால்தான் மனிதர்கள் சாகிறார்கள் என்று எண்ண வேண்டாம். போபால் ஆலையின் குறைகளை யூனியன் கார்பைடு நிறுவனத்தின் அமெரிக்க நிபுணர்களே 1982 மே மாதத்தில் ஆய்ந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் நச்சுவாயு கசிந்தபோது, தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. ஆபத்து காகிதத்தில் பதிவாகியிருந்தது. அந்தக் காகிதத்துக்காக ஆலையை நிறுத்தும் துணிவுதான் இல்லாமல் போனது.

மறுபக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். பாதுகாப்பு அலுவலருக்கும் குடும்பம் இருக்கிறது, கல்விக் கடன் இருக்கிறது. அவர் முரண்டு பிடித்து வெளியேறினால், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடும் ஒருவர் அந்த நாற்காலிக்கு வருவார். உள்ளே இருந்து சிறிது சிறிதாகத் திருத்துவதல்லவா மேல்? இந்த வாதத்தில் பாதி உண்மை. எந்தக் குறையை முதலில் சரிசெய்வது, செலவை எப்படிப் பிரிப்பது என்பவற்றில் விட்டுக்கொடுக்கலாம். அது நடைமுறை அறிவு. ஆனால் காற்றைச் சோதிக்காமலே தொட்டிக்குள் ஆளை இறக்க அனுமதிச் சீட்டு தருவதும், வாசலில் உள்ள ‘விபத்தில்லா நாட்கள்’ பலகைக்காக முறிந்த விரலைப் பதிவேட்டிலிருந்து மறைப்பதும் விட்டுக்கொடுத்தல் ஆகா. அவை பொய்கள். அந்தப் பொய்யை நம்பி இறங்குபவர் தம் உயிரைப் பணயம் வைக்கிறோம் என்பதை அறியமாட்டார். அங்கே அலுவலரின் கடமை தொழிலாளிக்கே.

பிரிட்டனின் முதல் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளராக 1898-இல் பொறுப்பேற்றவர் தாமஸ் லெக். ஈய நஞ்சால் தொழிலாளர் நலிவதைக் குறைக்கப் பல்லாண்டு உழைத்தவர். கட்டடங்களின் உட்புறப் பூச்சுக்கு வெள்ளை ஈயத்தைத் தடுக்கும் 1921-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்கத் தம் அரசு மறுத்தபோது, 1926-இல் பதவியைத் துறந்தார். உள்ளே இருந்து திருத்துவதும், எல்லை கடந்தபின் வெளியேறுவதும் முரணல்ல என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

எனினும், வேலையை இழக்கத் துணிந்தவரால் மட்டுமே நேர்மையாக இருக்க முடியும் என்றால், அந்த ஏற்பாடே அநீதியானது. ஜெர்மனியின் 1973-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு வல்லுநர் தம் துறை அறிவைப் பயன்படுத்துவதில் எவர் ஆணைக்கும் கட்டுப்பட்டவரல்லர் என்கிறது. கடமையைச் செய்ததற்காக அவருக்குக் கேடு விளைவிக்கவும் தடை விதிக்கிறது. இங்கே அவர் பெரும்பாலும் நிர்வாகத்துக்கு யோசனை சொல்பவர். கேட்பதும் தள்ளுவதும் நிர்வாகத்தின் விருப்பம். பாதுகாப்பான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் ஏற்றது. அந்த உரிமைக்காகப் பேசுபவரின் வேலைக்கும் சட்டம் காவல் நிற்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் விதிகளோடு, ‘முடியாது’ என்று எழுத்தில் சொல்லும் பயிற்சியையும் தர வேண்டும்.

அந்த நாள் வரும்வரை, இப்படிப்பில் சேரும் இளைஞர் ஒன்றை உறுதியாகப் பற்றிக்கொள்ளட்டும்: கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்திடாதீர்கள், பார்த்த எந்தக் குறையையும் எழுதாமல் விடாதீர்கள்.