அச்சத்தில் அளித்த இசைவு

அச்சம் உயிர்கள் யாவற்றுக்கும் பொது. கொலைஞரைக் கண்டு மக்கள் நடுங்குதல் குற்றமன்று. ஆயின், நடுங்கி நிற்கும் மக்களிடம் தலைவன் ஒருவன் போருக்கு இசைவு கேட்டுப் பெறுவானாயின், அது மெய்யான இசைவாகுமா? அதனால் விளையும் தீங்கிற்குப் பொறுப்பாளி கேட்டவனா, கொடுத்தவரா? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததைச் சான்றாகக் கொள்வோம். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் வேற்று நாட்டிலிருந்து ஏவப்பட்ட பயங்கரவாதிகள், விமானங்களையே படைக்கலமாக்கி ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றனர். மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. செப்டம்பர் 15ஆம் நாள் அரிசோனா மாநிலத்தில், நம் நாட்டிலிருந்து சென்று பெட்ரோல் நிலையம் நடத்திவந்த சீக்கியர் ஒருவர், தலைப்பாகையும் தாடியும் உடையவர் என்பதனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 17ஆம் நாள் குடியரசுத் தலைவர் புஷ், வாஷிங்டன் நகரப் பள்ளிவாசலுக்குச் சென்று, இஸ்லாமியரான உடன்குடிமக்களைத் துன்புறுத்தலாகாதென அறிவுறுத்தினார். அச்சத்திற்கு எல்லை வகுத்த அச்செயல் தலைவர்க்கு உரியதே.

அவ்வெல்லையைப் பின்னர் அவருடைய அரசே அழித்தது. 2002 மார்ச்சில் அபாயத்தை ஐந்து நிறங்களால் அறிவிக்கும் முறை தோன்றியது. 2003 பிப்ரவரியில் அந்நிறம் ஆரஞ்சாக உயர்த்தப்பட்டபோது, சன்னல்களை அடைப்பதற்காகப் பிளாஸ்டிக் தாளும் ஒட்டுநாடாவும் வாங்க மக்கள் கடைகளுக்கு விரைந்தனர். அடுத்த திங்களே ஈராக்கின்மீது படை சென்றது. செப்டம்பர் 11 கொலைகளில் ஈராக் அதிபருக்குப் பங்கிருக்கலாமென அவ்வாண்டுக் கருத்துக் கணிப்பு ஒன்றில் பத்தில் ஏழுபேர் அளவினர் நம்பினர். அதற்குச் சான்றில்லையெனச் செப்டம்பர் 17ஆம் நாள் புஷ்ஷே ஒப்பினார். ஈராக்கில் உள்ளனவென்று சாற்றிய பேரழிவுப் படைக்கலங்களும் அகப்படவில்லை. ஏறத்தாழ 4,500 அமெரிக்கப் போர்வீரரும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட ஈராக்கியக் குடிமக்களும் மாண்டனர்.

சுரவேகத்தில் கிடப்பவனிடம் கைந்நாட்டு வாங்கிய பத்திரத்தை எந்த வழக்குமன்றம் ஒப்பும்? அச்சத்தைப் பெருக்கி வாங்கிய இசைவும் அத்தகையதே. ஆதலின் பெரும்பழி கேட்டவரையே சாரும்.

‘இரகசியங்களை அறிந்தவன் தலைவன், நம்புவதன்றிக் குடிமக்கள் வேறென் செய்வர்?’ என்பாரும் உளர். 2001 செப்டம்பர் 14ஆம் நாளை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. படைவலியைப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரமளிக்கும் தீர்மானத்தை, பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பார்பரா லீ என்னும் பெண்மணி ஒருவரே. கொலைஞரைத் தண்டியாது விடுக என அவர் வேண்டவில்லை. சற்றே நின்று எண்ணுக என்றே வேண்டினார். அதற்காகக் கொலைமிரட்டல்களுக்கு உள்ளாகிக் காவலர் துணையுடன் நடமாட நேர்ந்தது. ஏனையோர் அறியாத எந்த இரகசியத்தையும் அவர் அறிந்திருக்கவில்லை. அதே துயரில் நின்றே அவர் ஆராய்ந்தார். ஆராய்தல் இயலாதென்பார் கூற்று அதனாலேயே பொய்யாயிற்று. அத்தீர்மானமோ, பின்வந்த தலைவர்களாலும் பல நாடுகளில் படைச் செயலுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

அன்பர்களே! அபாயம் எவ்வளவு, தெரிந்தது எது, தெரியாதது எது என அளந்துரைத்தல் தலைவன் கடமை. ‘சான்று யாது? நம் எண்ணம் பிழையாயின் மடிபவர் யார்?’ என வினவுதல் மக்கள் கடமை. அஞ்சும் நேரத்திலும் இவ்விரு வினாக்களைக் கைவிடாத மக்களை எத்தலைவனும் எளிதில் ஏய்த்தல் இயலாது.