நெருக்க நெய்த ஆடையும் காரியத் தோற்றமும்

நூலினின்று ஆடை தோன்றுங்கால், அஃது உள்ளதோ இல்லதோ என்னும் வினா பழமையானது. தந்துக்களைச் சமவாயி காரணமென்றும் அவற்றின் சேர்க்கையை அசமவாயி காரணமென்றுங் கொண்ட தார்க்கிகர், முன்னில்லாத படம் புதிதாய்ப் பிறக்குமென்பர். இல்லது தோன்றாதென்பது சித்தாந்திகள் துணிபு. மண்ணையுங் குடத்தையும் வைத்தே இதனைப் பேசி நம்மவர் பலர்க்குச் சலித்திருக்கும். ஈண்டு ஓர் ஆடையை எடுத்துக்கொள்வாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் (1939-1945) இங்கிலாந்து தேசத்து மாஞ்செஸ்டர் நகரின் ஷர்லி ஆராய்ச்சி நிலையத்தார் வெண்டைல் என்னும் பருத்தித் துணியை ஆக்கினர். குளிர்கடலில் வீழும் விமானிகளைக் காத்தல் அதன் பயன். நீரை விலக்க ரப்பர்ப் படலம் அதற்கில்லை. நீண்ட இழைப் பருத்தியை நூற்று, பாவில் இரண்டிரண்டு நூலை ஒன்றாகக் கூட்டி, ஊடையை அவற்றின் மேலுங் கீழுமாகச் செலுத்தி நெய்தனர். இரண்டிரண்டாகக் கூட்டியது என்னையெனின், ஒரு நூல் மற்றொன்றைக் கடந்து வளையுமிடந்தோறும் அவ்வளைவிற்கே இடம் வேண்டும். ஒற்றை நூல்களை மாறிமாறிப் பின்னிய நெசவில் வளைவுகள் மிகுதியாதலின், அச்சால் எத்துணை அடிப்பினும் ஓரெல்லைக்குமேல் நூல்கள் நெருங்கா. கடக்கும் இடங்களைக் குறைப்பின் இன்னும் பல நூல்களை நெருக்கலாம்.

இத்துணி நனைந்தவுடன் பருத்தியிழைகள் நீளத்தில் மிக மாறாது பருமனில் விரிகின்றன, இடைத்துளைகள் அடைபடுகின்றன, பின்வரும் நீர்க்கு வழியில்லை. உலர்ந்த காலத்து வியர்வையாவி தடையின்றி வெளிச்செல்லும். மேலே நீர் ஒட்டாதிருக்க ஒருவகை மருந்திடுதலும் உண்டு. ஆயினும் துளையை அடைப்பது அம்மருந்தன்று, பருத்தியே.

"ஒற்றை நூல் நீரைத் தடுத்தல் யாண்டுங் கண்டிலம், சல்லாத் துணியுந் தடுப்பதில்லை, ஆதலின் அவ்வாற்றல் சேர்க்கையிற் புதிதாய்ப் பிறந்ததே" எனின், இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. சேர்க்கையின்றி அப்பயன் விளங்காதென்பதை யாமும் உடன்படுவேம். ஆனால் சேர்க்கை மாத்திரையே போதுமாயின், மெல்லிய இரும்புக் கம்பிகளை இதே முறையில் நெய்த வலையும் நனைந்தபோது தானே அடைபடல் வேண்டும், அங்ஙனம் அடைபடாது. சல்லாவிலும் இழை பருக்கவே செய்கின்றது. இடை அகன்றிருத்தலால் அது பயன்படாது மறைந்து நிற்கின்றது. நெய்தவன் அவ்வியல்பை நூலிற் புகுத்தினானல்லன். மறைத்து நின்ற அகற்சியை நீக்கினான். ரப்பர் பூசிய துணியோ அங்ஙனமன்று. ஆண்டு நீரைத் தடுப்பது ரப்பரின் குணமே, பருத்தி அதனைத் தாங்கி நிற்பது மாத்திரம்.

இனித் தார்க்கிகரை யாம் ஒன்று கேட்பேம். துணி உலரத் துளை திறக்கின்றது. மீண்டும் நனைய மூடுகின்றது. சேர்க்கையோ இரண்டிடத்தும் மாறாதது. மாறாத அச்சேர்க்கையிலிருந்து மழைதோறும் ஓராற்றல் இன்மையினின்று பிறந்து, வெயில்தோறும் இன்மையாய் அழிகின்றதென்பரோ, நூலினுள் ஒடுங்கி மீள விளங்குகின்றதென்பரோ?